வெல்டிங் கன்னுக்குத் தனியாக ஒரு கைப்பிடி: வாங்கலாமா?

கேள்வி: திருச்சி துவாக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். ஏழு வெல்டர்கள். டக்ட் (காற்றுக் குழாய்), ஹாப்பர் (சரிவான கொள்கலன்), ஸ்ட்ரக்சர் வேலைதான் அதிகம். பட்டறையில் சிஓ2 வெல்டிங் (கன் வழியாக வயர் தானாக வந்து உருகுவது), சைட்டுக்குப் போனால் ராடு (ஹோல்டரில் குச்சி மாட்டி அடிப்பது). மூத்த வெல்டர் ஒருவருக்குக் கொஞ்ச நாளாக ராத்திரியில் வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. இன்னொருவர் தோள்பட்டை வலி என்று ஓவர்ஹெட் வேலைக்கு வர மறுக்கிறார். டூல்ஸ் விற்க வந்த ஒருவர், கன்னில் மாட்டிக்கொள்ளும் கைப்பிடி ஒன்றைக் காட்டினார். பிஸ்டல் மாதிரிப் பிடிக்கலாம், முன்னால் இடது கைக்கும் ஒரு பிடி இருக்கிறது. 'எர்கோனாமிக்' பொருள், கை வலியே வராது என்கிறார். பையன்கள் ஏற்கெனவே கன் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஏழு பேருக்கும் வாங்கிக் கொடுத்துவிடலாமா?

பதில்: ஏழு வேண்டாம். ஒன்று வாங்கிப் பார்க்கலாம், அதையும் வேறு சில வேலைகளை முடித்த பிறகு வாங்குங்கள். அந்தக் கைப்பிடி ஏமாற்றுப் பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. சரியான வேலைக்கு மாட்டினால் நன்றாகவே உதவும். ஆனால் கை எதனால் வலிக்கிறது என்று பார்க்காமல் பிடியை மட்டும் மாற்றினால் வலி இருந்த இடத்திலேயே இருக்கும், பணம்தான் போயிருக்கும்.

உங்கள் இரண்டு ஆட்களின் வலியும் வேறு வேறு. மூத்தவருக்கு விரல் மரத்தல். அது மணிக்கட்டு, பிடி, அதிர்வு இவற்றில் ஏதோ ஒன்றோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் அவர் விஷயத்தில் கைப்பிடிக்கு ஒரு பங்கு உண்டு. இன்னொருவருக்குத் தோள். கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி நிற்பதால் வருகிற வலிக்கு, அந்தக் கையில் என்ன வடிவப் பிடி இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. விற்க வந்தவர் இரண்டுக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மூத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த விரல்கள் மரக்கின்றன? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால், மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொண்டு இறுக்கிப் பிடிக்கிற வேலையில் இது வரும். ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுவார்கள், உதறினால் கொஞ்சம் சரியாகும். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் அது வேறு நரம்பு. முழங்கையைத் தகட்டில் ஊன்றி ஊன்றி அடிக்கிறவர்களிடம் பார்க்கலாம். அதற்கு முழங்கைக்குக் கீழே ஒரு பழைய கிளவுஸை மடித்து வைப்பது எந்தக் கைப்பிடியையும்விட நல்ல மருந்து. விரல்கள் எல்லாமே மரத்து, காலையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரல் நுனி வெளுத்துப் போகிறது என்றால் கிரைண்டரைச் சந்தேகப்பட வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எந்த விரலாக இருந்தாலும் அவரை ஒரு டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் அங்கேயே போகலாம். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அவற்றாலும் இதே மரத்தல் வரும். தேவைப்பட்டால் நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகிறது என்று ஒரு சோதனை எடுப்பார்கள். ஆரம்பத்திலேயே போனால் பல பேருக்கு ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, வேலையில் சில மாற்றங்கள், இவையே போதும். கையிலிருந்து சாமான் நழுவி விழுகிறது, கட்டைவிரல் அடிச்சதை வற்றுகிறது என்கிற நிலைக்கு விட்டுவிட்டால் வைத்தியம் கடினம்.

சரி, பட்டறைக்கு வருவோம். கன்னின் பிடியைப் பார்ப்பதற்கு முன்னால், அதன் பின்னால் தொங்கும் கேபிளைப் பாருங்கள். கை வலிக்கு முதல் காரணம் கேபிள்தான் என்பது என் தீர்மானமான கருத்து. சிஓ2 கன்னின் கேபிளுக்குள் செம்பு, காஸ் குழாய், லைனர் (வயர் ஓடும் உள்குழாய்), வயர், ட்ரிக்கர் ஒயர் எல்லாம் போகின்றன. ஃபீடர் (வயரைத் தள்ளிவிடும் பெட்டி) தரையில் இருந்தால், தரையிலிருந்து கை வரைக்கும் உள்ள கேபிள் எடை முழுக்க மணிக்கட்டில்தான் தொங்கும். வெறும் எடை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கேபிள் முறுக்கிக்கொண்டு கன்னை ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும். வெல்டர் அந்த முறுக்கை எதிர்த்தே நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பார். அவருக்கே அது தெரியாது, பழகிப்போயிருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்ப்பதற்கு ஒரு கொக்கித் தராசு விற்கிறார்களே, அதில் ஒன்று வாங்குங்கள். வேலை நடக்கும் உயரத்தில், கை பிடிக்கிற இடத்தில் கயிற்றைக் கட்டி, மெஷினை ஆஃப் செய்துவிட்டு, கன்னைத் தராசில் தொங்கவிடுங்கள். கேபிள் தரையில் இழுபடுகிற நிலையில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிடிக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி, கேபிளை மேலிருந்து ஒரு கயிற்றில் தாங்கிவிட்டு மறுபடியும் பாருங்கள். இரண்டு எண்களையும் அந்த விற்பனையாளர் முன்னால் வைத்துவிட்டு, அவருடைய கைப்பிடி இதில் எத்தனை கிராமைக் குறைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். எதையும் குறைக்காது, தன் எடையைச் சேர்க்கத்தான் செய்யும்.

கயிறு பலன் தருகிறது என்று தெரிந்தால், நிரந்தரமாக ஒரு ஸ்பிரிங் பேலன்சர் (எடையை மேலிருந்து தாங்கும் ஸ்பிரிங் கருவி) மாட்டுங்கள். மேலே ஒரு ஐ-பீமிலோ சுவரில் பதித்த சுழலும் கையிலோ தொங்கவிடலாம். கேபிள் எடைக்கு ஏற்ற கிலோ அளவில் வாங்க வேண்டும். பெரிதாக வாங்கினால் கன்னை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், அப்புறம் அதை எதிர்த்துப் பிடிக்கிற வேலை சேர்ந்துவிடும். பேலன்சர் அறுந்தால் தலையில் விழாதபடி ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள். கேபிளைத் தாங்குகிற இடத்தில் அது கூர்மையாக மடியக் கூடாது. அகலமான வளைவாக இருக்கட்டும், இல்லையென்றால் லைனரில் வயர் திக்கித் திக்கி வரும், வெல்டர் முதல் நாளே கழற்றி எறிந்துவிடுவார். ஃபீடரையும் தரையிலிருந்து தூக்கி ஒரு ஸ்டாண்டில் வையுங்கள்.

தோள் வலிக்காரரைக் கொஞ்சம் கவனியுங்கள். கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு அடிக்கிறாரா? கை பாரத்தைக் குறைக்க நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி அது. கைக்கு நிம்மதி, தோளுக்குச் சுமை. உடம்பைச் சுற்றி வெல்டிங் கேபிள் போவது மின் பாதுகாப்புக்கும் ஆகாது.

அடுத்தது ட்ரிக்கர். இங்கே பைசா செலவில்லாமல் ஒரு பெரிய நிவாரணம் இருக்கிறது. உங்கள் சிஓ2 மெஷின் முகப்பில் 2டி, 4டி என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 2டி-யில் ட்ரிக்கரை அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் ஆர்க் ஓடும். 4டி-யில் ஒரு தடவை அழுத்திவிட்டு விரலை எடுத்துவிடலாம், ஆர்க் தொடர்ந்து ஓடும். நிறுத்த மறுபடி ஒரு தடவை அழுத்த வேண்டும். ஹாப்பரின் நீள மூட்டில் ஒரு மீட்டர் ஓட்டுகிற ஆள் அவ்வளவு நேரமும் ஆள்காட்டி விரலை ஏன் இறுக்கி வைத்திருக்க வேண்டும்? பல பட்டறைகளில் அந்த சுவிட்ச் வாங்கின நாளில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. டேக் (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் சிறு வெல்ட்) அடிக்க 2டி, நீள ஓட்டத்துக்கு 4டி. ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: 4டி-யில் கன்னைக் கீழே போட்டாலும் வயர் வந்துகொண்டே இருக்கும், ஆர்க் தானாக நிற்காது. பழகும்வரை பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். இதற்குப் பதிலாக ட்ரிக்கரை டேப் போட்டு அழுத்திக் கட்டுகிற வேலை மட்டும் கூடவே கூடாது.

கன்னின் அளவையும் பாருங்கள். 'பெரிசா வாங்கிப் போட்டா ரொம்ப நாள் வரும்' என்று 400 ஆம்பியர் கன் வாங்கி, அதில் 170, 180 ஆம்பியரில் டக்ட் தகடு அடித்துக்கொண்டிருப்பார்கள். பெரிய கன் என்றால் தடித்த கேபிள், கனமான நெக் (கன்னின் முன்பக்கக் கழுத்து). உங்கள் அன்றாட ஆம்பியருக்கு அடுத்த அளவு போதும். ரேட்டிங்கைப் படிக்கும்போது வாயுவையும் டியூட்டி சைக்கிளையும் சேர்த்துப் படியுங்கள். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் நடுத்தர ஏர்கூல்டு கன் ஒன்றுக்கு 60 சதவீத டியூட்டியில் சிஓ2 என்றால் 230 ஆம்பியர், ஆர்கான் கலவை என்றால் 200 என்று போட்டிருக்கும். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஆர்க். இதற்குள் உங்கள் வேலை அடங்கினால் கனமான கன்னை ஓரமாக வையுங்கள், தடித்த பிளேட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தக் கைப்பிடி. அதற்கு முன்னால் உங்கள் ஆட்கள் முகத்துக்கு என்ன பிடிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தலையில் மாட்டும் ஹெல்மெட்டா, கையில் பிடிக்கும் ஸ்கிரீனா? நம் பட்டறைகளில் பல பேர் இன்னும் கை ஸ்கிரீன்தான். இடது கை ஸ்கிரீனைப் பிடித்திருக்கும்போது, 'முன்னால் இடது கைக்கும் ஒரு பிடி' என்று விற்றவர் சொன்னாரே, அதை எந்தக் கையால் பிடிப்பது? வலது கை மட்டும் தனியாகச் சுமக்கிறது என்பதுதான் பிரச்சினையே. ஏழு கைப்பிடிக்கு ஒதுக்கின பணத்தில் முதலில் எல்லோருக்கும் தலையில் மாட்டும், தானாக இருளும் ஹெல்மெட் வாங்குங்கள். இடது கை விடுபட்டதும், சொல்லாமலேயே அது கேபிளைத் தாங்கும், அல்லது சுண்டுவிரல் பக்கத்தை ஜாபில் ஊன்றி கன்னின் நெக்குக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும். பீடும் (வெல்ட் வரி) நேராக வரும்.

பிஸ்டல் பிடி நல்லதா, நேர் பிடி நல்லதா என்று கேட்டால், ஜாப் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று திருப்பிக் கேட்பேன். வெல்ட் மூட்டு உங்களுக்கு எதிரே, முழங்கை உயரத்தில், நின்ற தகட்டில் இருந்தால் பிஸ்டல் பிடியில் மணிக்கட்டு நேராக இருக்கும். அதே பிடியோடு மேசை மேல் படுத்திருக்கும் ஜாபை மேலிருந்து அடிக்கப் போனால், முழங்கை காக்கை இறக்கை மாதிரி வெளியே தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டும் மடங்கும். கீழ்நோக்கி அடிக்கும் வேலைக்கு வளைந்த நெக்கும் நேர் பிடியும்தான் வசதி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் டக்ட், ஹாப்பர் வேலையில் பெரும்பாலும் தரையில் கிடத்தித்தான் அடிப்பீர்கள்.

இன்னும் ஒன்று. ஹாப்பரின் உள்மூலையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சரிந்த தகடுகள் கூடும் இடம், பக்கத்தில் ஒரு ஸ்டிஃப்னர் (தகட்டுக்கு வலுவூட்டும் பட்டை). நாசில் மூலைக்குள் போக வேண்டுமென்றால் கன்னின் பின்பக்கம் கொஞ்சம் தாழ வேண்டும். அங்கே ஏற்கெனவே வெல்டரின் கை முட்டி தகட்டில் உரசிக்கொண்டிருக்கும். இதில் கீழே ஆறு அங்குலம் நீட்டிக்கொண்டு ஒரு பிடியும், முன்னால் ஒரு குமிழும் சேர்ந்தால் கன் உள்ளேயே போகாது. கழற்றி மாட்டக் கூடியதாக இருந்தாலும், ஆலன் கீ வைத்துக் கழற்றுவதாக இருந்தால் யாரும் கழற்ற மாட்டார்கள். ஒன்று, நாள் முழுக்க இருக்கும். இல்லை, முதல் வாரமே டூல் பாக்ஸுக்குள் போய்விடும். இந்த மூலைக்கு உண்மையில் உதவக்கூடியது நெக். 45 பாகை நெக்கை 60-க்கு மாற்றிப் பாருங்கள். சில கன்களில் நெக்கைத் தளர்த்தித் திருப்பிக்கொள்ளவும் முடியும். கேபிள் பிடிக்குள் நுழையும் இடத்தில் பந்து மூட்டு வைத்த கன்களும் கிடைக்கின்றன, கேபிளின் முறுக்கு மணிக்கட்டுக்கு வராமல் அங்கேயே கழிந்துவிடும். அடுத்த தடவை கன் மாற்றும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

மணிக்கட்டு நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அடிக்கிற ஆளுக்குத் தெரியாது, ஹெல்மெட்டுக்குள் அவருக்கு ஆர்க் மட்டும்தான் தெரியும். ஆர்க் போடாமல் அதே நிலையில் நிற்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து போனில் படம் எடுங்கள். புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். உடைந்த கோடாகத் தெரிந்தால் நெக், ஜாபின் உயரம், நிற்கிற இடம் இந்த மூன்றில் ஒன்றை மாற்றுங்கள். மடங்கிய மணிக்கட்டோடு பிடிக்கும்போது பிடியின் பலமே குறைந்துவிடும், அதை ஈடுகட்ட ஆள் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்.

கைப்பிடியின் தடிமனுக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் நையோஷ் என்ற தொழில்நல ஆய்வு நிறுவனம் 2004-இல் கைக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. முழுக் கையால் இறுக்கிப் பிடிக்கும் கருவிக்குப் பிடியின் விட்டம் 1¼ முதல் 2 அங்குலம் இருக்கலாம், நீளம் 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, விரல் பதியும் பள்ளங்கள் வேண்டாம் என்கிறது. மின்சாரமில்லாத கருவிகளுக்காக எழுதியதுதான், ஆனால் பிடிக்கிற கை அதே கைதான். இதை உங்கள் பட்டறைக்கு இப்படிப் பொருத்திக்கொள்ளுங்கள்: வேலை செய்யும் அதே தோல் கிளவுஸைப் போட்டுக்கொண்டு பிடிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரலின் மேல் கொஞ்சமாவது ஏற வேண்டும். இடைவெளி விழுந்தால் பிடி அவருக்குத் தடிமன். கிளவுஸே ஒரு சுற்று தடிமனைச் சேர்த்துவிடுகிறது என்பதைக் கடையில் வெறும் கையால் பிடித்துப் பார்க்கும்போது மறந்துவிடுகிறோம்.

உங்களுக்குக் காட்டிய கைப்பிடியில் நான்கு விரலுக்கும் பள்ளம் இருந்தால் வாங்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்தப் பள்ளம் யாரோ ஒருவருடைய கைக்கு வெட்டியது. விரல் அளவு மாறினால் பள்ளத்தின் மேடு சரியாக விரல் மூட்டிலோ சதையிலோ குத்தும்.

சைக்கிள் டியூபை இன்றைக்கே வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். பையன்கள் ஏன் சுற்றினார்கள் என்பது புரிகிறது: வியர்வையில் வழுக்குகிறது, பிடி மெலிதாகப் படுகிறது. ஆனால் ரப்பர் பொறி பட்டால் எரியும், புகையும். ஏர்கூல்டு கன்னில் நெக்கின் சூடு பிடிக்குள்ளும் இறங்கும். மேலே ரப்பர் சுற்றியிருந்தால் சூடு வெளியே போகாமல் உள்ளே தங்கும், கைக்கும் தெரியாது. பிடிக்குள் கேபிள் சேரும் மூட்டு கருகுகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. 'பிடி சுடுகிறது' என்பது, கன்னின் ரேட்டிங்கைத் தாண்டுகிறோம் அல்லது உள்ளே ஏதோ லூஸ் என்று கன் உங்களுக்குச் சொல்கிற தகவல். அதை மூடி வைக்கக் கூடாது. விற்க வந்தவரின் பிடிக்கும் இதே கேள்விதான்: ஸ்பான்ஜா, பிவிசியா, சூடு தாங்கும் சிலிகானா? ஸ்பான்ஜ் என்றால் வியர்வையைக் குடிக்கும், ஸ்பேட்டர் (தெறிக்கும் உருகிய உலோகத் துளி) உள்ளே பதியும், வேண்டாம்.

அது எங்கே கவ்வுகிறது என்றும் பாருங்கள். இரும்பு கிளாம்ப் போட்டு நெக்கின் மேல் இறுக்குவதாக இருந்தால் மறுத்துவிடுங்கள். நெக்கின் வெளிக்கூடு, உள்ளே கரண்ட் போகும் குழாயிலிருந்து பிரித்து இன்சுலேட் செய்யப்பட்டிருக்கும். அதன் மேல் திருகை இறுக்கினால் கூடு நசுங்கி உள்ளே தொட்டுவிடலாம். அப்புறம் இடது கை பிடித்திருக்கும் குமிழில் கரண்ட் இருக்கும். டார்ச்சுகளுக்கான, அதாவது இந்தக் கன்களுக்கான, சர்வதேசப் பாதுகாப்புத் தரம் ஐஇசி 60974-இன் 7-ஆம் பகுதி. கன் தயாரித்த கம்பெனியே தன் மாடலுக்கென்று விற்கும் பிஸ்டல் பிடியாக இருந்தால் எனக்குத் தயக்கம் குறைவு. எல்லாக் கன்னுக்கும் பொருந்தும் என்று ஒன்றை விற்றால் யோசிக்க வேண்டும்.

சைட் வேலைக்கு வருவோம். ராடு ஹோல்டருக்கு எந்தக் கூடுதல் பிடியும் வேண்டாம், எதையும் சுற்றவும் வேண்டாம். ராடு எரியாமல் இருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும், வியர்வையில் நனைந்த கிளவுஸுக்கு அது போதும். பிடியில் விரிசல் இருந்தால் டேப் சுற்றாமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். அங்கேயும் பாரம் கேபிள்தான். 70 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஒரு மீட்டருக்குச் செம்பு மட்டும் 630 கிராம் வரும், ரப்பர் தனி. கையைத் தலைக்கு மேலே தூக்கி இரண்டு மீட்டர் கேபிள் தொங்கினால் ஒன்றேகால் கிலோ செம்பு, உறையும் ஹோல்டரும் சேர்ந்தால் இரண்டு கிலோ அளவுக்கு ஒரு கை தாங்குகிறது. ஹோல்டர் பக்கம் கடைசி இரண்டு மூன்று மீட்டரை மட்டும் 35 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கேபிளாக மாற்றினால் தொங்குகிற செம்பு பாதியாகிவிடும். 200 ஆம்பியருக்குள் ராடு அடிக்கிற வேலைக்கு அது தாங்கும். இணைப்பை மட்டும் நல்ல கனெக்டர் போட்டு, முழுக்க மூடிச் செய்யுங்கள். போல்ட் போட்டுத் துணி சுற்றுகிற இணைப்பு சூடாகி எரியும்.

தோள் வலிக்காரருக்கு நான் சொல்லக் கூடியது ஜாபைத் திருப்புங்கள் என்பதுதான். 1970-களிலேயே ஸ்வீடனின் கோத்தன்பர்க் கப்பல் கட்டும் தளங்களில் வெல்டர்களின் தோள்வலியை ஆராய்ந்தார்கள். கையைத் தோளுக்கு மேல் வைத்து அசையாமல் பிடித்திருக்கும் வேலைதான் அங்கே பேசுபொருளானது. அதிலிருந்து இன்றுவரை வழி மாறவில்லை: மூட்டை முழங்கை உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பட்டறையில் செயின் பிளாக் இருக்கிறது, பெரிய ஜாபைத் திருப்ப ஒரு வளைய ரொட்டேட்டரை நீங்களே அடித்துக்கொள்ளலாம், ஃபேப்ரிகேஷன்காரருக்கு அது ஒரு வேலையா? திருப்ப முடியாத ஓவர்ஹெட் மூட்டுக்கு ஆளை மேலே ஏற்றுங்கள். உயரமான மேடையில் நின்றால் கை தலைக்கு மேல் போகாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடுங்கள். அவர் வர மறுப்பதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரையும் டாக்டரிடம் காட்டுங்கள், தோள் தசைநாண் கிழிந்த பிறகு காட்டுவதைவிட இப்போது காட்டுவது உங்களுக்கும் லாபம்.

ஆர்கான் வேலை (டிக் வெல்டிங்) உங்களிடம் இல்லாததால் சுருக்கமாக: டிக் டார்ச்சைப் பேனா மாதிரிப் பிடிப்பதால் அங்கே தடித்த பிடி கெடுதல். மெல்லிய டார்ச்சும் முதல் ஒன்றிரண்டு மீட்டர் மிருதுவான கேபிளும் போதும்.

இனி கிரைண்டர். நீங்கள் கன்னைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஏழு வெல்டர் இருக்கிற பட்டறையில் கிரைண்டர் பிடிக்காத வெல்டர் இருக்க மாட்டார். ஏஜி7 என்கிற ஏழு அங்குல கிரைண்டரின் பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். இடுக்கில் போகவில்லை என்று ஒரு நாள் கழற்றுவார்கள், அது திரும்ப மாட்டப்படவே படாது. உங்கள் பட்டறையில் நீங்கள் வாங்க வேண்டிய கைப்பிடி ஒன்று உண்டென்றால் அது இதுதான்: அதிர்வைக் குறைக்கும் பக்கவாட்டுப் பிடி, கிரைண்டர் கம்பெனியே விற்கிறது.

அதிர்வுக்கு ஐரோப்பாவில் 2002-இல் வந்த விதி ஒன்று இருக்கிறது. எட்டு மணி நேர சராசரி 2.5 மீட்டர்/விநாடி² தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. கிரைண்டரோடு வரும் கையேட்டில் அதன் அதிர்வு எண் போட்டிருக்கும். 7 என்று இருந்தால், சுவிட்சைப் பிடித்த நேரம் ஒரு மணியைத் தொடும்போதே 2.5 வந்துவிடும், நான்கு மணியில் 5. தேய்ந்து ஒருபக்கம் ஓடும் வீலை மாட்டினால் கையேட்டு எண்ணைவிட அதிகம். ஸ்பேட்டர் குறைந்தால் கிரைண்டிங்கும் குறையும், அதனால் வோல்ட்டேஜ், வயர் வேகம் இரண்டையும் சரியாக வைப்பதும் கைக்கு நல்லதுதான்.

இவ்வளவும் செய்த பிறகு அந்தப் பிஸ்டல் பிடி ஒன்றை இரண்டு வாரத்துக்கு வையுங்கள். நின்ற தகட்டில் வேலை இருக்கிற நாட்களில் மட்டும், மூன்று பேர் மாறி மாறிப் பிடிக்கட்டும். அதில் ஒருவர் கை சின்னதாக இருக்கிற ஆளாக இருக்கட்டும். ஷிப்ட் முடிந்ததும் எங்கே வலிக்கிறது என்று அவர்களையே ஒரு தாளில் வரைந்த கையின் மேல் குறிக்கச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் 'பரவாயில்லண்ணே, ஓகேதான்' என்பார்கள். பீடையும் பாருங்கள், பிடி சரியில்லை என்றால் அது பீடில் தெரியும். இரண்டு வாரத்துக்குத் தர மாட்டேன் என்று விற்பனையாளர் சொன்னால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மூத்தவர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் கிரைண்டர் பிடிக்கிறார், கன் எத்தனை ஆம்பியர், கேபிள் எத்தனை மீட்டர் என்று எழுதி அனுப்புங்கள். மரக்கிற விரல்கள் எவை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், மற்றதைவிட அதுதான் முக்கியம்.